நீர்ச்சிகிச்சை கண்ட க்னைப் அடிகளார்

நோய் நீங்கப் பெறுதல் வேறு. நோய் நீக்க வல்லராதல் வேறு. முன்னையது ஒருவர்க்கு நற்பேற்றினாலும் வாய்த்தல் கூடும். பின்னையது நெடுநாட் பயிற்சியாலன்றி வாயாது. இவ்வுண்மையை எல்லாரும் ஒப்புவர். ஆயினும், தமக்கு ஒரு கஷாயமோ ஒரு பத்தியமோ பலித்தது கண்டவுடன், அதனையே அண்டை வீட்டார்க்கும் அயலூரார்க்கும் வற்புறுத்திக் கூறாதார் நம்மில் எத்துணைப் பேர்? அவ்வாறு கூறுவோர் நல்லெண்ணம் உடையோரே. நல்லெண்ணம் மாத்திரம் ஒருவரை வைத்தியராக்குமோ என்பதே ஆராயத்தக்கது.

இயற்கை வைத்தியம் என இன்று வழங்குவது, நீர், காற்று, வெயில், உணவு, உழைப்பு, ஓய்வு என்னும் இவற்றைக் கொண்டு உடலின் ஆற்றலைப் பேணி, நோயைத் தணிக்கவும் வாராது காக்கவும் முயலும் முறையாகும். இக்காலத்தில் நம் நாட்டில் இதற்குக் கல்லூரிகள் உள, பட்டமும் உளது. சற்றேறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரோ இதற்குப் பள்ளியும் இல்லை, பாடமும் இல்லை, பட்டமும் இல்லை. அந்நாளில் தமக்கு வந்த நோயையே முதற் பாடமாகக் கொண்டு, பட்டம் பெறாமலே பல்லாயிரவர்க்குச் சிகிச்சை புரிந்து, முடிவில் பட்டம் பெற்ற வைத்தியரைத் தம் அருகில் இருத்திக்கொண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை யாம் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். அவர் ஜெர்மனி தேசத்துக் கத்தோலிக்க குருவாகிய செபாஸ்தியான் க்னைப் அடிகளார் ஆவர்.

ஜெர்மனியின் தென்பாகமாகிய பவேரியா நாட்டில் ஒட்டோபாய்ரன் என்னும் ஊரை அடுத்து ஸ்டெபான்ஸ்ரீட் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1821-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் ஓர் ஏழை நெசவாளர் இல்லத்தில் க்னைப் பிறந்தார். பிள்ளைப் பருவம் நீங்குமுன்னரே அவர் தந்தையாரின் தறியில் அமரலானார். குளிர்காலத்தில் நெசவும், வேனிற்காலத்தில் வயல் வேலையும், ஆடு மாடு மேய்த்தலுமாக நாட்கள் கழிந்தன. ஆயினும் குருவாக வேண்டும் என்னும் ஆவல் அவர் நெஞ்சில் இளமையிலேயே வேரூன்றியிருந்தது. அதற்கு லத்தீன் மொழி வேண்டும். லத்தீன் கற்கப் பொருள் வேண்டும். ஆகையால் அவர் கூலிக்கு உழைத்து, காசு காசாகச் சேர்த்து வந்தார்.

1841-ஆம் ஆண்டில், அவருக்கு இருபது வயது நிரம்பும் காலத்தில், அவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தது. அவர் கல்விக்கெனச் சேமித்து வைத்திருந்த 70 குல்டன் பணமும் அத்தீயில் அழிந்தது. வேறொருவராயின் தறியே நமக்கு விதிக்கப்பட்டது என்று மனம் அமைந்திருப்பர். க்னைப் அவ்வாறு அமைந்திலர். தமக்கு லத்தீன் கற்பிப்பார் உளரோ என்று வினவிக்கொண்டு ஊரூராக நடந்து, குருமார் பலரையும் அணுகினார். வயது மிக்கவன், பொருளில்லாதவன் என்று பலரும் கைவிடவே, முடிவில் கிரோனன்பாக் என்னும் ஊரில் உதவிக் குருவாயிருந்த மத்தியாஸ் மேர்க்கிள் என்பார் அவரை ஏற்றுக்கொண்டார். சிறுவர் கற்கும் பாடங்களை, மீசை அரும்பிய இளைஞர் தொடக்கத்திலிருந்து கற்கலானார். இரண்டாண்டுகட்குப் பின், 1844-இல், டான்யூப் நதிக்கரையிலுள்ள தில்லிங்கன் நகரத்து உயர்தரப் பள்ளியில் சேர்ந்தார்.

இடர் அத்துடன் முடிந்ததன்று. இரவும் பகலும் ஓயாது கற்றமையாலும், வறுமையில் உண்ட உணவு போதாமையாலும் அவர் உடல் நலிந்தது. இருமலும் இரத்தமும் தோன்றின. க்ஷயரோகம் என்று வைத்தியர் கண்டனர். அக்காலத்தில் அந்நோய்க்கு உறுதியான மருந்து யாதொன்றும் இல்லை. இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற கல்வி, பயன் விளையுமுன்னரே மண்ணிற் புதைய நேருமோ என்று அவர் கலங்கியிருந்த நாட்களில், பழைய நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. அது சிலேசியா நாட்டு ஷ்வைட்னிட்ஸ் நகரில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோகான் சிக்மண்ட் ஹான் என்னும் வைத்தியர் தண்ணீரின் குணங்களைப் பற்றி எழுதியது. இயற்கை வைத்தியத்தின் பிற்கால வரலாற்றில் பெரும்பங்கு கொண்ட இந்நூலை எழுதியவர் முறையாகக் கற்ற வைத்தியர் என்பதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

1849-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். டான்யூப் நதியின் நீர் உறைபனிக்கு அணித்தாகக் குளிர்ந்திருந்தது. க்னைப் நடந்தும் ஓடியும் உடலைச் சூடாக்கிக்கொண்டு நதிக்கரை சேர்ந்து, சில நொடிகள் மட்டும் நீரில் அமிழ்ந்து, உடனே ஆடையணிந்து, மீண்டும் ஓடி அறை சேர்வார். வாரத்தில் இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்து வந்தார். நாளடைவில் இருமல் தணிந்தது. உடலில் வலிமை ஏறியது. நின்ற படிப்புத் தொடர்ந்தது. பின்னர் அவர் எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தார்.

ஈண்டு நாம் சற்று நின்று நிதானித்தல் வேண்டும். தண்ணீர் க்ஷயரோகத்தைத் தீர்த்தது என்று இதனால் முடிவு கட்டலாமோ? அந்நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் என்பார் கண்டறிந்தது 1882-ஆம் ஆண்டில். அக்கிருமியைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பெற்றது 1943-இல். குளிர்ந்த நீர் அக்கிருமியைக் கொல்லாது. மருந்தின்றியே சிலர்க்கு அந்நோய் தானே அடங்குதலும் உண்டு. பலர்க்கு அடங்காது உயிரைக் கொள்ளைகொள்ளுதலும் உண்டு. க்னைப் பிழைத்தார், அதே காலத்தில் அதே நோயால் மாண்ட மாணாக்கர் எண்ணிறந்தோர். பிழைத்தவர் கதை சொல்வர், மாண்டவர் சொல்லார். ஆகவே ஒருவர் பெற்ற சுகம் ஆராய்ச்சியின் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகாது. தம் வாழ்நாள் முழுதும் க்னைப் தண்ணீரை நம்பினார். ஆயினும் அந்நம்பிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை; நாற்பது ஆண்டுகட்கு மேல் நோயாளரை உற்று நோக்கிக்கொண்டே இருந்தார். அவரது பெருமை அங்கேதான் உளது.

1850-இல் அவர் ம்யூனிக் நகரத்துக் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே நோயுற்றிருந்த உடன் மாணாக்கர் சிலர்க்கு, மேலோர் அறியாவண்ணம், இரவு வேளையில் தோட்டத்துப் பூவாளியைக் கொண்டு நீர் ஊற்றி உதவினார். 1852-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் குருப்பட்டம் பெற்று, சிற்றூர்களில் உதவிக் குருவாக ஊழியம் செய்யத் தொடங்கினார். குருவின் வீட்டுக் கதவைத் தட்டி வருவோர் ஆத்துமத்தின் துயரை மட்டுமோ சொல்வர்? காய்ச்சல், கைகால் வீக்கம், தலைநோவு, தூக்கமின்மை ஆகிய எல்லாம் சொன்னார்கள். வைத்தியர்க்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு அவர் தண்ணீரையும் தோட்டத்து மூலிகைகளையும் கொண்டு தம்மாலியன்றது செய்தார்.

செய்யவே, வழக்கும் வந்தது. உரிமம் இல்லாதவர் வைத்தியம் செய்தல் அந்நாளையப் பவேரியாவில் குற்றம். மருந்து விற்போரும் வைத்தியரும் அவர்மீது முறையிட்டனர், அதிகாரிகள் விசாரித்தனர், மேலோர் எச்சரித்தனர். இதனை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுதல் எளிது. பொறாமையும் சிறிது இருந்திருக்கலாம். ஆயினும், கல்லாதவன் கையில் உயிர் சிக்கலாகாது என்னும் எண்ணம் அச்சட்டத்தின் உயிர்நாடி. மற்றொரு பக்கத்தில், ஏழை ஒருவன் வாசலில் நின்று முனகும்போது, எனக்கு உரிமம் இல்லை, போய் வா என்று சொல்லுதல் ஒரு குருவின் மனத்துக்கு இசையுமோ? இருதலைக் கொள்ளியின் நடுவில் அகப்பட்ட எறும்பு போல அவர் நெடுங்காலம் வருந்தினார். 1854-இல் வாந்திபேதி நோய் பவேரியாவில் பரவியபோது, போஸ் என்னும் ஊரில் அவர் உதவிக் குருவாயிருந்தார். அஞ்சி விலகாது நோயாளர் வீடுகளுட் புகுந்து பணி செய்தமையால், வாந்திபேதிக் குரு என்றே மக்கள் அவரை அழைக்கலாயினர்.

1855-ஆம் ஆண்டில் மேற்றிராணியார் அவரை வோரிஷோபன் என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். அங்கிருந்த தொமினிக்கன் கன்னியர் மடத்துக்கு ஆன்மகுருவாயிருத்தல் அவர் கடமை. மடத்துக்கு நிலம் உண்டு, பசுக்கள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. குடியானவர் மகவாகிய அடிகளார் புல்நிலத்தைத் திருத்தினார், மாட்டுத் தொழுவத்தைச் சீர்ப்படுத்தினார், தேனீ வளர்த்தார், கால்நடையைப் பற்றியும் தேனீயைப் பற்றியும் குடியானவர்க்கு விளங்கும் நடையில் நூல்களும் எழுதினார். 1881-இல் அவ்வூர்ப் பங்குக் குருவானார். சிகிச்சைக்கென அவர் அவ்வூரை நாடிச் சென்றாரல்லர். நோயாளரே அவரை நாடி வந்தனர். இடையில் சட்டமும் தளர்ந்தது. 1869-இல் வட ஜெர்மனியில் இயற்றப்பெற்றுப் பின்னர்ப் பேரரசு முழுமைக்கும் விரிந்த தொழிற்சட்டம், வைத்தியர் என்னும் பெயரைப் பூணாமல் எவரும் சிகிச்சை செய்யலாம் என இடங்கொடுத்தது. வழக்குப் பயம் நீங்கியது. ஆனால் சட்டம் விட்டதனால் மனச்சாட்சி விடுமோ?

அடிகளாரின் பயிற்சி முறையை ஈண்டு விளக்குதல் வேண்டும். அவருக்கு ஆசிரியர் நோயாளரே. இன்னார்க்கு இவ்வளவு நீர், இத்துணை நேரம், இவ்வளவு குளிர்ச்சி என்று கொடுத்து, மறுநாள் விளைவை நோக்குவார். தொடக்கத்தில் அவர் முறை கடுமையானது. தாம் டான்யூபில் அமிழ்ந்தது போலவே பிறரும் அமிழலாம் என எண்ணினார். மெலிந்தோரும் முதியோரும் அக்கடுமையைத் தாங்காமை கண்டு அதனைத் தணித்தார்; பின்னும் கண்டு பின்னும் தணித்தார். கடுமையினின்று மென்மைக்கு மும்முறை தம் முறையை மாற்றிக்கொண்டதனைத் தம் நூலில் அவரே ஒப்புக்கொள்கின்றார். தம் உடலுக்குப் பொருந்தியது எல்லார் உடலுக்கும் பொருந்தாது என்று உணர்ந்த அந்நாளிலேயே அவர் வைத்தியத்தின் வாயிலை அடைந்தார் என்பது எம் கருத்து.

அவர் வகுத்த முறைதான் யாது? பூவாளியாலோ குழாயாலோ முழங்கால், தொடை, கை, முதுகு ஆகிய உறுப்புகளின்மேல் நீரை மெல்லென ஊற்றுதல், ஈரத்துணியை உடலிற் சுற்றி அதன்மேல் உலர்துணி போர்த்தல், நீராவி பிடித்தல், ஆழமில்லாத நீரில் நடத்தல், காலைப் பனி படிந்த புல்லில் வெறுங்காலோடு உலாவுதல் முதலியன நீரைப் பற்றியன. குளிர்ந்த நீர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நீர் நீங்கியபின் அவை விரிந்து வெம்மை பரவுகின்றது. அவ்வெம்மை தோன்றுதலே சிகிச்சையின் குறி. ஆகவே உடல் குளிர்ந்திருக்கும்போது குளிர்நீர் கூடாது. நேரம் சுருங்கியதாக இருத்தல் வேண்டும். பின்னர் உடலைத் துவட்டாது ஆடையணிந்து, வெம்மை மீளும் வரை நடத்தல் வேண்டும் என்பன அவர் விதித்த கட்டளைகள். இவற்றோடு மூலிகை, எளிய உணவு, உடலுழைப்பு, ஒழுங்கான வாழ்க்கை என்பவற்றையும் சேர்த்தார். நீர், மூலிகை, உணவு, இயக்கம், வாழ்க்கை ஒழுங்கு என்னும் இவ்வைந்தையுமே அவர் வழிவந்தோர் ஐந்து தூண்கள் என வகுத்தனர்.

1886-ஆம் ஆண்டில் அவர் தம் நீர்ச்சிகிச்சையைப் பற்றிய நூலை வெளியிட்டார். கடிதம் எழுதி வினவுவோர்க்கெல்லாம் தனித்தனியே விடை எழுதி மாளாமையால், நூலொன்று எழுதிவிட்டால் கூட்டம் குறையும் என அவர் எண்ணினார். நடந்ததோ மறுதலை. சில ஆண்டுகளுக்குள் அந்நூல் பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1889-இல் வாழும் முறையைப் பற்றிய இரண்டாம் நூல் வந்தது. ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூருக்கு ஆயிரக்கணக்கில் நோயாளர் வந்து குவிந்தனர். குடியானவர் வீடுகள் விடுதிகளாயின. கோமக்களும் கூலியாட்களும் ஒரே புல்வெளியில் வெறுங்காலோடு நடந்தனர். வந்த காணிக்கையைக் கொண்டு 1891-இல் செபாஸ்தியானேயம் என்னும் சிகிச்சை இல்லத்தையும், 1893-இல் நோயுற்ற சிறுவர்க்கென ஓர் இல்லத்தையும் அவர் கட்டுவித்தார். கரடுமுரடான பேச்சும், நகைச்சுவை கலந்த கண்டிப்பும் உடையவராகிய அடிகளார் முன் அமர்ந்து, மது, புகையிலை, இறுக்கிய உடை ஆகியவற்றைப் பற்றி ஏச்சு வாங்காது மீண்டவர் சிலரே.

இந்நிலையிலேதான் அவர் வாழ்வின் பெருஞ்சோதனை தோன்றியது. புகழ் உச்சியில் நிற்பவர்க்கு, யானே போதும் என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பு. வைத்தியர் பலர் அவரை இகழ்ந்தனர். தாமும் பதிலுக்கு இகழ்ந்து, கல்லாத மக்கட் கூட்டத்தைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, அவர் வாழ்ந்திருக்கலாம். ஊரூராக அவர் பெயரைச் சொல்லி, இரண்டு நாள் வோரிஷோபனில் தங்கியவரெல்லாம் நீர்வைத்தியர் எனப் பலகை தொங்கவிட்ட காலம் அது. அவர்கள் கையில் தம் முறை கெட்டழியும் என்பதனை அடிகளார் கண்டார். நோய் இன்னது என்று அறியாமல் நீர் ஊற்றுதல், இருட்டில் அம்பெய்தலை ஒக்கும். இருதயம் பழுதுற்றவனுக்கும் நரம்பு தளர்ந்தவனுக்கும் ஒரே நீர் ஆகுமோ? மார்பில் செவி வைத்து அறியவும், நாடி பார்த்து அறியவும், உடற்கூறு உணரவும் கற்றவர் வேண்டும்.

ஆகவே அவர் தம் சிகிச்சை வேளையில் பட்டம் பெற்ற வைத்தியரை உடன் அமர்த்திக்கொண்டார். வைத்தியர் நோயாளரைச் சோதித்து நோயைச் சொல்ல, அடிகளார் நீர்முறையைச் சொல்வார். முதலில் ஐயத்தோடு வந்த வைத்தியர் சிலர் அங்கேயே தங்கினர். அவருள் ஒருவராகிய ஆல்பிரெட் பௌம்கார்ட்டன் என்பார் பின்னர் அடிகளாரின் வரலாற்றையும் எழுதினார். 1894-ஆம் ஆண்டில் க்னைப் முறையைக் கைக்கொண்ட வைத்தியர் சங்கம் ஒன்று பல நாட்டார் கூடியதாக நிறுவப்பட்டது. பட்டமில்லாத ஒருவரிடம் பட்டம் பெற்றோர் மாணாக்கராயினர்; அவரும் அவர்களையே தம் முறைக்குக் காவலராக்கினார். இருபாலாரும் தத்தம் செருக்கைச் சிறிது துறந்தாலன்றி இது நிகழ்ந்திராது. அவர் கட்டிய நீர்த்தொட்டிகளினும் எழுதிய நூல்களினும் இச்செயலே அவர் வாழ்வின் மணிமுடி என யாம் கருதுகின்றோம்.

1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவருக்கு மான்சிஞ்ஞோர் என்னும் பட்டத்தை அளித்தார். மறு ஆண்டு அடிகளார் உரோமாபுரிக்குச் சென்று, முதுமையில் தளர்ந்திருந்த பாப்பரசர்க்கும் நீர்ச்சிகிச்சை முறையை எடுத்துரைத்தார். ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரசங்கம் செய்தார். ஆயினும் ஊர் மீண்டவுடன் பழைய கரிய அங்கியும், பழைய எளிய உணவும், காலை முதல் நோயாளர் வரிசையுமே அவருக்கு உரியனவாயின. 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், வயிற்றில் தோன்றிய கட்டியினால் வருந்தி, வோரிஷோபனில் அவர் காலமானார். தண்ணீருக்கு எட்டாத நோயும் உண்டு என்பதனை அவர் மரணமே நமக்கு உணர்த்துகின்றது. இது அவர்க்கு இழுக்கன்று. எம்முறைக்கும் எல்லை உண்டு என்பதற்கு அறிகுறியாகும்.

அவருக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் சிறிது கூறுவாம். பேடன் நாட்டிற் பிறந்து 1892-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பெனெடிக்ட் லஸ்ட் என்னும் இளைஞர், க்ஷயரோகத்தால் நலிந்து தாய்நாடு மீண்டு, அடிகளாரிடம் சிகிச்சை பெற்றுச் சுகமடைந்தார். 1896-இல் அவர் மீண்டும் அமெரிக்கா சென்று அம்முறையைப் பரப்பினார். நாச்சுரோபதி என்னும் பெயரை நாட்டி, 1901-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அதற்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார். இடைக்காலத்தில் அக்கல்வி அந்நாட்டில் தளர்ந்தது. 1956-இல் போர்ட்லண்ட் நகரில் ஒரு கல்லூரி எழவே மீண்டும் தழைத்தது. இப்பொழுது அங்கே பட்டதாரிகள் நான்காண்டு இதனைப் பயில்கின்றனர். சில மாகாணங்களில் மட்டும் தேர்வெழுதி உரிமம் பெற்றுச் சிகிச்சை செய்கின்றனர். ஜெர்மனியிலோ, 2002-இல் வகுக்கப்பெற்ற விதிப்படி, இயற்கைச் சிகிச்சை முறைகள் வைத்திய மாணாக்கர் அனைவரும் கற்கவேண்டிய பாடங்களுள் ஒன்றாயின. ஒருகாலத்தில் குற்றமென வழக்காடப்பெற்றது, பிற்காலத்தில் பாடமாக அமர்ந்தது காண்க.

நம் நாட்டிலும் இவ்விதை முளைத்தது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நாளிலேயே நீர், மண், உணவு ஆகியவற்றாற் செய்யும் சிகிச்சையில் ஈடுபட்டார். 1946-இல் புனே நகரை அடுத்த உருளிகாஞ்சனில் ஏழைகளுக்கென இயற்கைச் சிகிச்சை நிலையம் ஒன்றையும் தொடங்குவித்தார். புனேயில் 1986-இல் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் ஏற்பட்டது. சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டில் அரசினர் யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இப்பட்டத்துக்குப் பயிலும் மாணாக்கர் நான்கரை ஆண்டு கல்லூரியிலும், ஓராண்டு பயிற்சி வைத்தியராகவும், ஆக ஐந்தரை ஆண்டு கழிக்கின்றனர். முதலில் உடற்கூறும், உடலியங்கு முறையும், உயிர் வேதியியலும். அடுத்து நோயியலும் கிருமியியலும் முதலுதவியும். பின்னரே நீர்ச்சிகிச்சை, உணவு, உபவாசம், யோகம் முதலியன. இவ்வரிசையை நோக்குக. க்னைப் அடிகளார் நீரிலிருந்து தொடங்கி நாற்பதாண்டு நடந்து உடற்கூற்றறிவின் தேவையை உணர்ந்தார். இன்றைய மாணாக்கர் உடற்கூற்றிலிருந்து தொடங்கி நீருக்கு வருகின்றனர்.

அங்ஙனமாயின் இத்தகைய வைத்தியரின் கடமை யாது? தவறான உணவாலும், உழைப்பின்மையாலும், உறக்கக் கேட்டாலும் தளர்ந்தோர்க்கு வாழ்க்கையைத் திருத்திக் கொடுத்தல் ஒன்று; நெடுநாள் நோயுடையோர்க்கு மற்றைச் சிகிச்சையோடு துணைநின்று வலிமை ஊட்டுதல் மற்றொன்று. மூன்றாவது, தம்மால் ஆகாத நோயை விரைந்து அறிந்து, ஆகுமிடத்துக்கு அனுப்புதல். மூன்றனுள்ளும் இதுவே அரியது என்போம். மார்பில் தோன்றிய கட்டியை மண்பூசி நாளைக் கழிப்பவனும், சர்க்கரை நோயுற்ற சிறுவனுக்கு இன்சுலினை நிறுத்துபவனும் இயற்கையின் பெயரால் கொலைபுரிவோராவர். முற்றும் கற்றவன் தன் எல்லையை அறிவான். அரைகுறையாகக் கற்றவனுக்கு எல்லையே தோன்றாது.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளியின் தன்மையையும், நோயின் தன்மையையும், காலத்தையும் ஆராய்ந்து சிகிச்சை செய்க என்று விதிக்கின்றார். அவ்விடத்து அவர் வைத்தியனைக் கற்றவன் என்றே குறிப்பதனைத் தமிழ் மாணவர் அறிவர். பவேரியா நாட்டு நெசவாளர் மகனார் குறளை அறிந்தவரல்லர். ஆயினும் தம் அனுபவத்தின் முடிவில் அவர் சென்று சேர்ந்த இடம் அதுவே.

மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் வைத்தியக் கல்வியை நாடிச் செல்லக்கூடும். பலர் வேறு துறைகளில் அமரக்கூடும். எத்துறையாயினும் க்னைப் அடிகளாரின் வாழ்க்கையில் மூன்று செய்திகள் உங்களுக்கு உள. வீடு எரிந்தபோதும் கல்வியைக் கைவிடாதிருந்தது ஒன்று. தாம் நம்பிய முறையையே மும்முறை திருத்தியது இரண்டு. தம்மினும் கற்றவரைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள நாணாதது மூன்று. முதலாவது செய்தியைப் பலரும் போற்றுவர்; மற்றை இரண்டையும் கைக்கொள்வோர் அரியர். அவ்வரியோருள் ஒருவராக நீங்களும் விளங்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.